நாலு வாளிச் செடிகள்

யூலை 12, புதன்

என் பெயர் கதிரன். இதை நானே எழுதினேன்.

இந்த இரண்டு வசனங்களுக்கும் அரை மணித்தியாலம் பிடித்தது. பிடிக்கட்டும். எழுபத்தொன்பது வயது வரை காத்திருந்தவனுக்கு அரை மணித்தியாலம் பெரிதில்லை.

ஒவ்வொரு புதன்கிழமையும் ஸ்காபரோ நூலகத்தில் முதியோருக்குத் தமிழ் வகுப்பு நடக்கிறது. பத்மாசனி ரீச்சர் இன்று எல்லோருக்கும் ஒவ்வொரு கொப்பி தந்தார். "ஒரு நாளைக்கு ஒரு வரியெண்டாலும் எழுதுங்கோ. பிழை வந்தால் வரட்டும். பொய் மட்டும் எழுதாதேங்கோ, பிறகு வாசிக்கேக்கை உங்களுக்கே அலுத்துப்போகும்" என்றார். பக்கத்தில் இருந்து என் எழுத்தை எட்டிப் பார்த்த நாகம்மாக்கா, "கதிரண்ணை, உங்கட எழுத்து கோழி கிளறின மாதிரிக் கிடக்கு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். கோழி கிளறினாலும் அது என் கோழி.

ஊரில் பள்ளிக்கூடம் இருந்தது. வேலிக்கு வெளியே நின்று பிள்ளைகள் பாடம் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எங்கள் ஆட்களை உள்ளே எடுக்கவில்லை. அதை வேறொரு நாள் எழுதுவேன். இன்று சந்தோஷமான நாள்.

வீட்டுக்கு வந்து குசினி அலுமாரித் தட்டில் ஒரு பைக்கற்றைப் பார்த்தேன். உப்பு. யாரும் சொல்லித் தராமல் நானே வாசித்த முதற் சொல் அதுதான்.

யூலை 13, வியாழன்

மிளகாய்த்தூள். கடுகு. கோதுமை மா. எல்லாவற்றையும் வாசித்துவிட்டேன்.

யூலை 15, சனி

மகன் தாசனைப் பற்றியும் மருமகள் நிருபாவைப் பற்றியும் எழுத வேண்டும். தாசன் பஸ் ஓட்டுகிறான். நிருபா ஒரு வங்கியில் வேலை. ஆறு வயதில் இந்த நாட்டுக்கு வந்தவள். தமிழ் நன்றாகப் பேசுவாள், ஓர் எழுத்தும் தெரியாது. வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்களில் நான் இரண்டாவது. மனைவி போனபின் ஊரில் தனியாக இருந்த என்னைத் தாசன் போன ஐப்பசியில் இங்கே கூப்பிட்டான்.

வீட்டின் பின்னால் நாலு பெரிய வாளிகளில் நாலு செடிகள் நிற்கின்றன. இடுப்பளவு உயரம். "என்ன பிள்ளை இது?" என்று நிருபாவிடம் கேட்டேன். "மூலிகை மாமா" என்றாள்.

மற்றவர்களின் புகையிலைத் தோட்டத்தில் நாற்பது வருடம் வேலை செய்தவன் நான். தண்ணீர் இறைத்தேன், குருத்துக் கிள்ளினேன், இலை வெட்டினேன். ஓர் இலையை முகர்ந்தால் அது என்னவென்று தெரியும். ஐந்து விரல், ஏழு விரல் போல் பிரிந்த இலை. ஒன்றைக் கசக்கி மூக்கில் வைத்தேன்.

கஞ்சா.

தாசனிடம் கேட்டேன். "ஓம் அப்பா. இஞ்சை ஒரு வீட்டிலை நாலு செடி வைக்கலாம். சட்டம் விட்டிருக்கு. நீங்கள் அதைப் பற்றி யோசிக்காதேங்கோ" என்றான். யாருக்கு என்று கேட்டேன். போனைப் பார்த்துக்கொண்டு போய்விட்டான்.

என் தம்பி மாணிக்கன் இந்த இலையால்தான் செத்தான். முப்பத்திரண்டு வயது. கிணற்றுக் கட்டில் இருந்து சிரித்துக்கொண்டே இருந்தவன், சிரித்துக்கொண்டே பின்பக்கமாக விழுந்தான்.

யூலை 16, ஞாயிறு

நிருபா தேத்தண்ணி தந்தாள். வழக்கம்போல் கையுறை போட்டுக்கொண்டுதான் என் பேணியைத் தூக்கினாள்.

என் பேணி பித்தளைக் குவளை. எனக்குப் பதினாறு வயதில் வாங்கியது. நான் வேலை செய்த வீடுகளில் எங்களுக்குத் தேங்காய்ச் சிரட்டையில்தான் தேத்தண்ணி ஊற்றுவார்கள். ஒரு நாள் இந்தப் பேணியைக் கொண்டுபோய் நீட்டினேன். அந்த வீட்டு அம்மா உயரத் தூக்கி ஊற்றினார், பேணியில் கை படாமல். அன்றிலிருந்து நான் வேறொன்றில் குடித்ததில்லை. கனடாவுக்கும் கொண்டுவந்தேன்.

தாசனின் கோப்பையை நிருபா வெறுங்கையால் தூக்குகிறாள். விருந்தாட்களின் கோப்பையையும் அப்படித்தான். என் பேணிக்கு மட்டும் கையுறை. அவளுடைய தகப்பன் எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர், பெரிய இடம். கலியாணத்துக்கு வரவில்லை.

இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. ரீச்சர் கேட்டால் இந்தப் பக்கத்தைக் காட்ட மாட்டேன்.

யூலை 18, செவ்வாய்

பக்கத்து வீட்டு இல்டா வேலிக்கு மேலால் ஒரு வாளி நீட்டினாள். போர்த்துக்கல் நாட்டுக்காரி, என் வயது, கணவன் இல்லை. மீன் தலைகளைத் தண்ணீரில் ஊறவைத்துச் செடிகளுக்குப் பசளை செய்வாள். மணம் காது வரைக்கும் வந்தது. அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவள் பாஷை தெரியாது. தக்காளியைக் காட்டுவாள், நான் தலையாட்டுவேன். என்னைக் காட்டுவாள், "சின்யோர்" என்பாள். "அது ஐயா எண்ட மாதிரி மாமா" என்று நிருபா சொன்னாள். பிறகும் இரண்டு தரம் வேலிப் பக்கம் போனேன், இன்னொரு தரம் கூப்பிடுவாளா என்று.

நிருபா அந்த மீன் தண்ணீரை நாலு செடிக்கும் ஊற்றினாள்.

யூலை 20, வியாழன்

இருவரும் வேலைக்குப் போய்விட்டார்கள். செடிகளுக்கு நான் தண்ணீர் ஊற்றினேன்.

யூலை 21, வெள்ளி

செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

யூலை 23, ஞாயிறு

நிருபா உப்புத் தேடினாள். "இப்பத்தானே பெரிய பைக்கற் வாங்கினனாங்கள்" என்றாள். நான் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தேன்.

யூலை 24, திங்கள்

தண்ணீர் ஊற்றினேன். வாளி மண்ணின் மேல் வெள்ளையாகப் பொருக்குப் படர்ந்திருந்தது. பார்க்க அழகாயில்லை. கரண்டியால் சுரண்டி எடுத்துப் போட்டேன்.

யூலை 26, புதன்

வகுப்பில் முதல் நாள் எழுதியதை வாசித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். "அடுத்த முறை புதிசா எழுதினதை வாசியுங்கோ" என்றார் ரீச்சர். கொப்பியை மூடிப் பைக்குள் வைத்தேன்.

யூலை 28, வெள்ளி

செடிகளுக்குத் திடீரென்று வருத்தம் வந்துவிட்டது. காலையில் நிருபா போட்ட சத்தத்தில் தாசன் சவர்க்கார முகத்தோடு ஓடி வந்தான். கீழ் இலைகளின் ஓரமெல்லாம் நெருப்புப் பட்டதுபோல் கருகியிருந்தன. மேலே குருத்துத் தலை தொங்கிக்கொண்டிருந்தது.

தாசன் போனை எடுத்து இலையைப் படம் பிடித்தான். படம் பிடித்தால் நோயைச் சொல்லுமாம். முதலில் பசளை கூடிப்போச்சு என்றது. வேறொரு பக்கமாகப் பிடித்தான். வேர் அழுகல் என்றது. மூன்றாம் தரம் என்னைத் தவறுதலாகப் பிடித்துவிட்டான். அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

நிருபா சிரிக்கவில்லை. வாளிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, கருகிய இலைகளைப் பொறுக்கித் தன் மடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

யூலை 30, ஞாயிறு

"அப்பா, நீங்கள் நாப்பது வருசம் இலை பாத்த ஆள். வந்து பாருங்கோ" என்று தாசன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனான். கனடாவுக்கு வந்த பிறகு என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை. இதுதான் முதல் தரம்.

இலையைத் திருப்பினேன். அடிப்பக்கத்தில் பூச்சி இல்லை, முட்டை இல்லை. தண்டை அழுத்தினேன், இறுக்கமாக இருந்தது. வேர் அழுகினால் தண்டின் அடி முதலில் இளகும். வைரஸ் என்றால் இலை சுருளும். இது இரண்டுமில்லை. கருகல் நுனியில் தொடங்கி ஓரத்தால் உள்ளே வந்திருந்தது. முற்றின இலை முதல், இளம் இலை பிறகு. கடற்கரைப் பக்கத்துத் தோட்டத் தறைகளில் கிணறு உவர் ஏறினால் புகையிலை இப்படித்தான் சாகும். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் சொல்லுவேன்.

"என்ன அப்பா?"

"விளங்கேல்லை" என்றேன்.

"நீங்களே விளங்கேல்லை எண்டால்?" என்றாள் நிருபா. பிறகு, "புதுசா ஊத்தினது இல்டாவின்ர மீன் தண்ணி மட்டும்தான்" என்றாள். தாசன், "அதுதான் வேரை அழுக்கியிருக்கு. இனி ஒரு சொட்டுத் தண்ணியும் விடக்கூடாது" என்றான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. மீன் தண்ணியையும் குறை சொல்லவில்லை. ஒன்றுமே சொல்லவில்லை.

ஓகஸ்ட் 1, செவ்வாய்

நிருபா வேலிக்குப் போய் இல்டாவிடம் ஆங்கிலத்தில் பேசினாள். மரியாதையாகத்தான் பேசினாள். நான் பக்கத்தில் நின்றேன். இல்டா இரண்டு கையையும் நெஞ்சில் வைத்தாள். பிறகு தன் வாளியைத் திருப்பி வாங்கினாள். என்னைப் பார்த்தாள், நானாவது ஒரு வார்த்தை சொல்லுவேன் என்பதுபோல். எங்களுக்குள் வார்த்தை இல்லை என்பது எனக்கு வசதியாகப் போயிற்று.

இல்டா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

ஓகஸ்ட் 3, வியாழன்

நிருபா இன்று வேலைக்குப் போகவில்லை. மத்தியானம் மோர் கேட்டேன். என் பேணியில் ஊற்றி வைத்ததைப் பிறிஜ்ஜில் இருந்து எடுத்தாள். கையுறை தோய்த்துக் காயப் போட்டிருந்தது. வெறுங்கையால் தொட்டவள் "ஆ" என்று கத்திப் பேணியை விட்டுவிட்டாள். அது நிலத்தில் விழுந்து உருண்டது. என் காலெல்லாம் மோர்.

எனக்குள் எத்தனையோ வருடத்துக் கோபம் எழும்பியது. "தொட விருப்பமில்லையெண்டால் விடு பிள்ளை. நான் சிரட்டையிலை குடிச்சு வளந்தவன்" என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. "என்ன சிரட்டை மாமா?" என்றாள். இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர்.

"ஸொறி மாமா. இரும்பு, பித்தளை தொட்டால் கரண்ட் அடிக்கிற மாதிரி, சூடெண்டாலும் குளிரெண்டாலும். மற்ற கோப்பையெல்லாம் மண் கோப்பை, பிளாஸ்ரிக். உங்கட பேணி மட்டும்தான்... அதுதான் கையுறை போடுறனான்."

பிறகு சொன்னாள். நான் வருவதற்கு முன்னைய வருடம் அவளுக்குக் குடலில் புற்றுநோய். வெட்டி எடுத்து, ஆறு மாதம் மருந்து ஏற்றினார்கள். நோய் போய்விட்டது. மருந்து கை கால் நரம்புகளைத் தின்றுவிட்டது. "உங்களுக்குச் சொல்ல வேண்டாமெண்டு தாசன் சொன்னவர். மாமி செத்த நேரம். கட்டையாத் தலைமயிர் வெட்டியிருக்கிறன் எண்டு நீங்களும் ஒண்டும் கேக்கேல்லை."

நான் அதை நாகரிகம் என்று நினைத்திருந்தேன்.

"மாரிக் குளிர் வந்தால் ராவிலை கை காலிலை ஊசி குத்தும். நித்திரை இல்லை. டொக்டர் குளிசை தந்தவர், கேக்கேல்லை. கடையிலை விக்கிற எண்ணெயும் பாத்தனான், வயித்தைப் பிரட்டிச் சத்தி வந்தது. போன வருசம் ஒரு செடி வளத்து அதிலை எடுத்த எண்ணெய்தான் ஒத்துக்கொண்டது. டொக்டருக்கும் தெரியும். அதின்ர கிளை வெட்டி வளத்ததுதான் இந்த நாலும். மாமா என்ன நினைப்பாரோ எண்டு வெட்கத்திலை மூலிகை எண்டு சொன்னனான்."

நான் குனிந்து மோரைத் துடைத்தேன். நிமிர நெடுநேரம் பிடித்தது.

ஓகஸ்ட் 4, வெள்ளி

இன்று இருவரும் வேலைக்குப் போன உடனே தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு போனேன்.

உவர் ஏறிய தறைக்கு மருந்து ஒன்றுதான். மாரி மழை. வந்து நின்று பெய்து, உப்பைக் கரைத்துக் கீழே கொண்டுபோக வேண்டும். வாளியின் அடியில் ஓட்டைகள் இருந்தன. முதல் வாளிக்குக் குழாயைப் பிடித்தேன். அடியால் வந்த தண்ணீரை விரலில் தொட்டு நக்கினேன். கரித்தது. இன்னும் பிடித்தேன். நக்கினேன். கரித்தது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போன பிறகு வெறும் தண்ணீர்ச் சுவை வந்தது.

இரண்டாம் வாளிக்குத் திரும்பியபோது தாசனின் கார் வந்தது. அரை நாள் லீவாம். குழாயைச் சுருட்டி வைத்தேன்.

ஓகஸ்ட் 5, சனி

தாசன் விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்துவிட்டுக் கத்தினான். "அப்பா! வேர் அழுகுதெண்டு சொல்லுறன், நீங்கள் குளம் கட்டி வைச்சிருக்கிறியள்! ஏன் தொட்டனீங்கள்?"

"வாடிக் கிடந்தது..."

"வாடினால் தண்ணி விட இது புகையிலை இல்லை."

மழை வரும் என்று வானொலி சொன்னது. நல்ல மழை. அதற்குப் பயந்து நாலு வாளியையும் கராஜுக்குள் தூக்கி வைத்துவிட்டான். சின்ன ஜன்னலால் கொஞ்சம் வெளிச்சம்.

மத்தியானம் மழை கொட்டியது. ஊர் மாரி மாதிரியே கொட்டியது. நான் ஜன்னலடியில் நின்று பார்த்தேன். அவற்றுக்கு வேண்டிய மருந்து வெளியே பெய்துகொண்டிருந்தது. ஒரு வசனம் சொன்னால் வாளிகள் வெளியே வந்துவிடும். எனக்கு அந்த வசனம் தெரியும். எழுதவும் தெரியும்.

மழை விட்டது.

ஓகஸ்ட் 7, திங்கள்

முதல் வாளியில் ஒரு புதிய குருத்து நிமிர்ந்திருக்கிறது. மற்ற மூன்றும் இன்னும் மோசம்.

"தண்ணி விட்டதுதான் பிழைக்குது, விடாததெல்லாம் சாகுது. என்ன கூத்து இது?" என்று தாசன் தலையைச் சொறிந்தான். போனைக் கேட்டான். அது இப்போது சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்றது. முட்டைக் கோதுகளை இடித்துப் போட்டான். நான்தான் இடித்துக் கொடுத்தேன்.

நிருபா போன வருடத்து எண்ணெய்ப் போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். அடியில் ஒரு நகக்கண் உயரம் இருந்தது.

ஓகஸ்ட் 9, புதன்

வகுப்புக்குப் போகவில்லை. தலையிடி என்றேன்.

இல்டா தோட்டத்தில் தக்காளி பழுத்து விழுந்து கிடக்கிறது. நான் வெளியே வந்தால் அவள் உள்ளே போகிறாள்.

ஓகஸ்ட் 10, வியாழன்

இன்று மெதுவாக எழுதுகிறேன். எல்லாவற்றையும் எழுதப் போகிறேன்.

செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன் என்று மூன்று நாள் எழுதியிருக்கிறேன். அது தண்ணீர் இல்லை. அரிசி கழுவிய தண்ணீரில் உப்பைக் கரைத்து ஊற்றினேன். பைக்கற்றை என் அறையில் ஒளித்து வைத்து, முழுவதும் முடியும் வரை ஊற்றினேன். மேலே படர்ந்த வெள்ளைப் பொருக்கு உப்பு. ஒருவரும் காணக்கூடாது என்றுதான் சுரண்டினேன்.

தாசன் தம்பியைப் போல் கெட்டுப்போவான் என்ற பயத்தில் செய்தேன் என்று எழுத நினைத்தேன். அது பாதிதான் உண்மை. தாசன் குடிக்கிற ஆளில்லை, புகைக்கிற ஆளில்லை, எனக்குத் தெரியும். செடிகள் நிருபாவின் செடிகள் என்றும் எனக்குத் தெரியும். காலையில் எழும்பின உடனே அவற்றோடு பேசுவாள். வெறுங்கையால் ஒவ்வோர் இலையையும் தடவுவாள்.

இலையைத் தடவுகிற அந்த வெறுங்கை என் பேணிக்கு வராதா என்று நினைத்தேன். அந்த நினைப்போடுதான் உப்பைக் கரைத்தேன்.

என்னைத் தொடாதவர்களின் தோட்டத்தில் நாற்பது வருடம் வேலை செய்தேன். ஒரு நாளும் ஒருவருடைய கன்றுக்கும் கெடுதல் செய்ததில்லை. செய்திருக்கலாம், இரவு பகல் அங்கேதான் நின்றேன். செய்யவில்லை. அவர்களுக்கெல்லாம் செய்யாததை, எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தருகிற பிள்ளைக்குச் செய்தேன்.

இல்டாவின் தலையில் பழி விழுந்தபோது பக்கத்தில் நின்றேன்.

எழுதிவிட்டேன். இரண்டு பக்கம் வந்திருக்கிறது. நான் எழுதியதில் மிக நீளமானது இதுதான்.

ஓகஸ்ட் 11, வெள்ளி

மாலை நிருபா வந்ததும் கொப்பியை அவள் முன்னால் மேசையில் வைத்தேன். விரித்து வைத்தேன். வைத்துவிட்டு வெளியே போய்விடலாம் என்று நினைத்தேன்.

"என்ன மாமா இது?"

"வாசி பிள்ளை."

"எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதே."

அது எனக்கு மறந்தே போயிற்று. வாழ்நாள் முழுதும் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு யாராவது வாசித்துச் சொல்லுங்கள் என்று வாசல் வாசலாக நின்றவன் நான். வாசிக்கத் தெரியாத ஒருவர் என் முன்னால் இருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"தாசன் வரட்டும், அவரைக் கேப்பம்" என்றாள்.

"வேண்டாம். நான் வாசிக்கிறன்."

விரலை வரியின் கீழ் வைத்து வாசித்தேன். வேகமாக வாசிக்க எனக்குத் தெரியாது. வேகமாகத் தெரிந்திருந்தால் ஓடி முடித்திருப்பேன். உப்பு என்ற இடத்தில் நிமிர்ந்து பார்த்தேன். அவள் முகம் அசையவில்லை. "வாசியுங்கோ" என்றாள். வாசித்தேன். கையுறை, வெறுங்கை, பேணி. கடைசி வரை வாசித்தேன்.

"அந்தப் பேணி இடத்தை இன்னொருக்கா வாசியுங்கோ."

வாசித்தேன்.

கொப்பியில் என் விரல் நின்ற இடத்தைப் பார்த்தாள். பிறகு, "என்ர அப்பா உங்கட வீட்டிலை இண்டைக்கு வரைக்கும் தண்ணி குடிக்கேல்லை. எனக்குத் தெரியும். அதாலை நீங்கள் என்னைப் பற்றி அப்பிடி நினைச்சது... சரி. அது எனக்கு விளங்குது" என்றாள். குரல் உயர்ந்தது. "ஆனா இல்டா என்ன செய்தவ? நான் அந்த மனிசியை வேலியிலை வைச்சுக் கேக்கேக்கை நீங்கள் பக்கத்திலைதானே நிண்டனீங்கள்? அவவின்ர முகத்தைப் பாத்தனீங்கள்தானே?"

"பாத்தனான்."

"பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்."

"ஓம்."

எழும்பி மாடிப்படி வரை போனாள். திரும்பி வந்தாள்.

"இப்ப செடிக்கு என்ன செய்யோணும்?"

"தண்ணி. மாரி மாதிரி. நக்கிப் பாத்து, கரிக்காமல் வருமட்டும்."

"அப்ப ஏன் இருக்கிறியள்? எழும்புங்கோ."

நாலு வாளியையும் வெளியே இழுத்தோம். குழாய்த் தண்ணீர் குளிர். அவளால் பிடிக்க முடியாது. நான் பிடித்தேன். அவள் கதிரை போட்டுப் பக்கத்தில் இருந்தாள், ஒரு கூலியாளைப் பார்ப்பதுபோல். வாளியடித் தண்ணீரை ஒவ்வொரு தரமும் நக்கினேன். "கரிக்குதோ?" என்பாள். "ஓம்" என்பேன். "ஊத்துங்கோ" என்பாள். பொழுது படும்வரை அவள் சொன்னது அந்த ஒரு சொல்தான்.

ஓகஸ்ட் 13, ஞாயிறு

தாசன் என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டுக் கோப்பையை மட்டும் முன்னால் தள்ளுகிறான்.

நிருபா என்னை இல்டா வீட்டு வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நான் தமிழில் சொன்னேன். அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். இல்டா என்னையே பார்த்துக்கொண்டு கேட்டாள். தன் பாஷையில் ஏதோ நீளமாகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். என்ன சொன்னாள் என்று நிருபாவுக்கும் தெரியவில்லை. எனக்கு விளங்கியது.

ஓகஸ்ட் 20, ஞாயிறு

இரண்டாம் வாளி செத்தது. மூன்றாம் வாளி செத்தது.

ஓகஸ்ட் 25, வெள்ளி

நாலாம் வாளியும்.

ஐந்தாம் திகதி மழை பெய்தபோது நான் வாயைத் திறந்திருந்தால் மூன்றில் இரண்டு செடியாவது பிழைத்து நின்றிருக்கும். இலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

செப்ரெம்பர் 6, புதன்

வகுப்புக்குப் போனேன். ரீச்சர் கொப்பியைக் கேட்டார். கொடுத்தேன். ஒரு மூலையில் இருந்து வாசித்தார். சிவப்புப் பேனையைத் திறக்கவில்லை. "பிழை ஒண்டும் திருத்தேல்லையே?" என்றேன். "இதிலை நான் திருத்துறதுக்கு ஒண்டுமில்லை, கதிரண்ணை" என்று திருப்பித் தந்தார்.

வீட்டுக்கு வந்தபோது வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு வாளி இருந்தது. மூடி போட்டிருந்தது. மூடினாலும் மணம் தெரியும். இல்டா தன் தோட்டத்தில் குனிந்து நின்றாள். நிமிர்ந்து பார்த்து, "கதிர்" என்றாள். சின்யோர் என்று சொல்லவில்லை.

மீன் தண்ணீரை முதல் வாளிச் செடிக்கு ஊற்றினேன்.

ஒக்ரோபர் 8, ஞாயிறு

பனி வருமுன் வெட்டினோம். நான்தான் வெட்டினேன், அரிவாளை எப்படிப் பிடிப்பது என்று கைக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. தாசன் கிளைகளை வாங்கிக் கொடியில் தலைகீழாகத் தொங்கவிட்டான். "நல்லாத்தான் வந்திருக்கு அப்பா" என்றான். இரண்டு மாதத்தில் அவன் என்னிடம் தானாகச் சொன்ன முதல் வார்த்தை.

மாலை நான் பித்தளைப் பேணியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு மண் கோப்பை ஒன்றை எடுத்தேன். நிருபா கண்டுவிட்டாள்.

"பேணி எங்கை?"

"இதிலை குடிச்சால் உனக்கு லேசு."

"எடுங்கோ வெளியிலை. பதினாறு வயசிலை வாங்கின பேணி எண்டு வாசிச்சனீங்கள். எனக்கு இப்ப ரெண்டு சோடி கையுறை கிடக்கு."

டிசெம்பர் 17, ஞாயிறு

தமிழ்க் கடையில் அடுத்த வருடத்துக் கலண்டர் தந்தார்கள். நாளுக்கு ஒரு தாளாகக் கிழிக்கிறது. நானே ஆணியில் மாட்டினேன்.

வெளியே பனி முழங்கால் அளவு. நிருபா கையுறையோடு தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள். பிறகு தன் சின்னப் போத்தலில் இருந்து நாக்கின் கீழ் எண்ணெய் விட்டுக்கொண்டாள். இப்போதெல்லாம் இரவில் படுக்கிறாள். மாடியில் நடக்கிற சத்தம் கேட்பதில்லை.

"எவ்வளவு நாளைக்கு வரும் பிள்ளை?" என்று கேட்டேன்.

போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "தை முடியுமட்டும் வரும் மாமா" என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பிறகு பாப்பம்" என்று சேர்த்துச் சொன்னாள்.

அவள் படுக்கப் போன பிறகு கலண்டரைக் கையில் எடுத்தேன். இந்த ஊரில் குளிர் தையோடு விடாது, பிறகும் இரண்டு மாதம் நிற்கும் என்று எனக்குத் தெரியும். தைத் தாள்களைத் தள்ளிவிட்டு அதற்கு அடுத்த மாதங்களின் தாள்களை விரலால் பிடித்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எழுத்து எழுத்தாக வாசித்தேன்.

மாசி. பங்குனி.

இரண்டையும் பிழையில்லாமல் வாசித்தேன்.